கூடை எடை போக

நண்டுக் கம்பெனியில் எடை போடுகிறவள் நான்.
தராசில் வெறுங்கூடையை வைத்துப்
பொத்தானை அழுத்திப் பூச்சியம் ஆக்குவேன்.
கூடைக்கு எவனும் காசு தரமாட்டான்.
அப்புறம்தான் நண்டு.

மார்ச் மாதம் ஒரு பின்னிரவு
லாரி ஏற்றிவிட்டு எல்லாரும் டீக்குப் போயிருக்க
செருப்பைக் கழற்றி நானே ஏறி நின்றேன்.
எண்பத்தொன்று புள்ளி நான்கு.
ஈரச் சேலை, இடுப்புச் சாவிக்கொத்து,
பையில் நசுங்கிய இரண்டு பன்,
எதைக் கழிப்பது?
பொத்தான் கைக்கு எட்டவில்லை.

மண்டபம் ஆஸ்பத்திரியில்
சீட்டைப் பார்த்து நர்ஸ் சிரித்தாள்.
"ஆரோக்கிய டெல்சி.
பேர்ல மட்டும் வச்சிருக்கீங்களேக்கா."
சர்க்கரை வேலியோரம் நிற்கிறதாம், ஆடு மாதிரி.
இன்னும் தாண்டவில்லை.
"ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குவீங்க?"
எந்த ராத்திரி என்று கேட்டேன்.

ராயப்பன் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போனால்
போன் என் தலையணைக்கு அடியில்.
படகு வந்தால் நண்டு வரும்,
நண்டு வந்தால் நான் போக வேண்டும்,
இரண்டு மணியோ மூன்று மணியோ.
ஒன்றரைக்கே வயிறு கிள்ளும்.
பன், மிக்சர், மூன்று கரண்டிச் சீனி போட்ட டீ.
பிறகு இன்னொரு டீ.
அது வயிற்றின் பசி இல்லை, கண்ணின் பசி.
தூங்காத கண்ணுக்குச்
சோறு ஊட்டியிருக்கிறேன்
பதினோரு வருஷம்.

பட்டினி கிடந்தும் பார்த்தேன்.
தவக்காலம் வேறு, வசதியாகப் போயிற்று.
நான்காம் நாள் கண் இருட்டி
இருபத்தேழு கிலோவை
எழுபத்திரண்டு என்று எழுதினேன்.
மேனேஜர் கத்திய கத்தலில்
கம்பெனிப் பூனை சுவரேறி ஓடிற்று.
அன்றிரவு பரோட்டா, நான்கு.

ஏப்ரல் பதினைந்து. தடைக்காலம்.
கடலுக்கு அறுபத்தொரு நாள் லீவு.
மீன் முட்டையிடட்டும் என்று
அரசாங்கமே விசைப்படகைக் கட்டச் சொல்கிறது.
உடம்புக்கு அப்படி உத்தரவு போட
எந்த ஆபீசும் இல்லை.
நாட்டுப்படகு நண்டு மட்டும் பகலில் வந்தது.

முதல் வாரம்
இரண்டு மணிக்கு உடம்பு தானே எழுந்து உட்கார்ந்தது,
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது போல.
அடுத்த வாரம் மூன்றரை.
பிறகொரு நாள் கண் விழித்தால் வெயில்.
சுவரில் பல்லி நிழல்,
என் வாயோரம் எச்சில்,
வெட்கமாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது.

நிலோபர் கூப்பிட்டாள்.
"சும்மாதானே கிடக்கே, வா."
எங்கள் ஊருக்கு இரண்டு கடல்.
வடகடலில் கால் நனைத்துப் புறப்பட்டு
தண்டவாளம் தாண்டி, உடைமரம் தாண்டி,
தென்கடலில் நனைத்துத் திரும்புவோம்.
கச்சான் வீசினால்
போகும்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.
திரும்பும்போது முதுகில் கைவைத்து
வீடுவரை கொண்டுவந்து விடும்.
முதல் நாள் பாதி வழியில் உட்கார்ந்தேன்.
மே மாதம் உட்காரவில்லை, பேச்சை மட்டும் நிறுத்தினேன்.
ஜூனில் பேசிக்கொண்டே நடந்தோம்,
அவள் நாத்தனாரைப் பற்றி, முழுக்க.

சாப்பாட்டைப் பெரிதாக மாற்றவில்லை.
காலையில் கேப்பைக் கூழ்,
சாளையைப் பொரிக்காமல் குழம்பில்,
முருங்கைக்கீரை, நுங்கு கிடைத்தால் நுங்கு.
டீயில் சீனி ஒரு கரண்டி.
அது ஒன்றுதான் துக்கம்.
ஒன்றரை மணிப் பசியோ
வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு
ஆள் தூங்குகிறாள் என்று போய்விட்டது.

இன்று கம்பெனி கழுவப் போனபோது
மறுபடி ஏறினேன்.
எழுபத்தெட்டு புள்ளி ஒன்பது.
இரண்டரை கிலோ.
ஒரு சின்னக் கூடை நண்டு.
"சாவியக் கழட்டிட்டு ஏறுடி" என்றாள் நிலோபர்.

நாளை படகு போகிறது.
வாரத்தில் பாதி இரவுக்கு வேறு ஆள் போடச் சொல்லி
மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன்.
யோசிக்கலாம் என்றிருக்கிறான்.
யோசிக்கட்டும்.
"கரை வந்ததும் போன் போட்டா எடுக்கமாட்டியா?"
ராயப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது.
காலையில் எடுப்பேன் என்றேன்.

மணி ஒன்பது இருபது.
இன்றைக்கே ஒத்திகை.
போனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடுகிறேன்.
அடித்தால்
அரிசிக்குக் கேட்கட்டும்.